கடைக் கணக்கு ஒரே பெட்டியில் இருக்கலாமா?

நமது கடைகளில் கல்லாவுக்குப் பூட்டு உண்டு. குடோனுக்கு இரண்டு பூட்டு உண்டு. ஷட்டரைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்த்து, நாலடி நடந்த பிறகு திரும்பி வந்து இன்னொரு முறை இழுத்துப் பார்ப்பவர்கள் நாம். ஆனால் யார் நமக்கு எவ்வளவு தரவேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு தரவேண்டும், எந்த மூட்டை எந்த பில்லில் வந்தது என்ற விவரமெல்லாம் அடங்கிய கம்ப்யூட்டர் மட்டும் மிளகாய் மூட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் மீது தூசி படிந்து உட்கார்ந்திருக்கிறது. அது ஒருநாள் காலையில் எழுந்திருக்காவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால், "பையன் பென்டிரைவில் எடுத்து வைக்கிறான்" என்று பதில் வருகிறது. 2021 வரை நாமும் இதே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

அந்த ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் மொத்தக் கடையின் கம்ப்யூட்டர் 'டக், டக்' என்று சத்தம் போட்டுவிட்டு நின்றது. ஹார்டு டிஸ்க் போய்விட்டது. நாங்கள் பதறவில்லை. தினமும் இரவு கணக்குப்பிள்ளை பென்டிரைவில் நகல் எடுத்துக் கல்லாவில் வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அந்தப் பென்டிரைவை வேறு கம்ப்யூட்டரில் சொருகிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. எட்டு மாதமாக அவர் நகல் எடுத்து வந்தது கணக்கை அல்ல, திரையில் தெரியும் கணக்குப் புரோகிராமின் ஷார்ட்கட்டை. இரண்டு கிலோபைட் அளவுள்ள அந்தக் கோப்பு, 'கணக்கு இந்த இடத்தில் இருக்கிறது' என்று சொல்லும் விலாசச் சீட்டு மட்டுமே. விலாசம் பத்திரமாக இருந்தது, வீடுதான் இடிந்து போயிருந்தது. அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அந்த நகலைத் திறந்து காட்டச் சொல்லி நாம் கேட்டதில்லை.

வெளியே நின்ற பாக்கி ஏறக்குறைய 11 லட்ச ரூபாய், தொண்ணூறு சில்லறைக் கடைகளில். கையால் எழுதும் பாக்கிப் புத்தகத்தை 'இரட்டை வேலை எதற்கு' என்று அதற்கு முந்தைய வருடம்தான் நிறுத்தியிருந்தோம். அண்ணனும் தம்பியுமாகக் கடை கடையாக ஏறி, "உங்கள் நோட்டில் எங்களுக்கு எவ்வளவு எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்டோம். பெரும்பாலானோர் நோட்டை எடுத்து நீட்டினார்கள். ஒரு பெரியவர் நாங்கள் நினைத்ததைவிட நாலாயிரம் கூடுதலாகத் தரவேண்டும் என்று சொல்லி எண்ணிக் கொடுத்தார். அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் சிலர், "உங்கள் கணக்கைக் காட்டுங்கள், தருகிறேன்" என்றார்கள். அதில் தப்பில்லை, கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. காட்டத்தான் எங்களிடம் ஒன்றும் இல்லை. டிஸ்க்கிலிருந்து தகவலை மீட்டுத் தருவதாகச் சொன்ன ஒரு நிறுவனம் கேட்ட தொகையையும் கொடுத்துப் பார்த்தோம். வந்த கோப்புகளில் பாதி திறக்கவில்லை. பணம் போனதுகூடப் பெரிதில்லை. பதினைந்து வருட வாடிக்கைக்காரர் ஒருவர், தம்மைச் சந்தேகப்பட்டுவிட்டோம் என்று மனம் வருந்தி வேறு மண்டிக்குப் போய்விட்டார்.

கணக்கு ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்பது நமது முன்னோர்களுக்குத் தெரியாததல்ல. பர்மாவிலும் மலாயாவிலும் கடை நடத்திய நகரத்தார், அங்குள்ள ஏஜெண்டுகளிடமிருந்து கணக்கைச் செட்டிநாட்டு வீடுகளுக்கு வரவழைத்து வைத்துக்கொண்டார்கள். பேரேடு கடையில் இருந்தாலும் ஐந்தொகையின் நகல் வீட்டுப் பெட்டியில் இருந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் நாம் அந்த வழக்கத்தை விட்டோம். பிளாப்பி இருந்த காலத்தில்கூட, ஒன்று கெட்டுப்போகும் என்று தெரிந்து இரண்டு பிளாப்பியில் எடுத்தோம். 1.44 மெகாபைட் பிளாப்பியிடம் இருந்த அவநம்பிக்கை, ஆயிரம் மடங்கு பெரிய டிஸ்க்கிடம் நமக்கு இல்லாமல் போனது வேடிக்கைதான்.

இதைச் சொந்தக் கஷ்டமாக மட்டும் பார்க்க வேண்டாம். சட்டமும் இதைக் கேட்கிறது. மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவுப்படி, ஒரு நிதியாண்டின் கணக்குகளையும் ஆவணங்களையும், அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்கவேண்டும். அதாவது 2023-24 கணக்கின் ஆண்டு ரிட்டர்ன் கெடு 2024 டிசம்பர் 31 என்றால், 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு நம் கையில் இருக்கவேண்டும். வழக்கோ மேல்முறையீடோ நடந்துகொண்டிருந்தால் இன்னும் கூடுதல் காலம். கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்களுக்கு ஜி.எஸ்.டி. விதிகளில் 57-ஆவது விதி தனியாகவே இருக்கிறது. விபத்தாலோ இயற்கையாலோ ஆவணம் அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்டெடுக்கக்கூடிய விதத்தில் நகல் வைத்திருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. 'டிஸ்க் போய்விட்டது சார்' என்பது இந்த விதியின் முன்னால் சமாதானமாகாது.

பழைய பில் எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2017-18-ஆம் ஆண்டுக் கணக்கின் மீது சாதாரண வழக்குகளில் உத்தரவு போட அதிகாரிகளுக்கு இருந்த காலக்கெடு நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு 2023 டிசம்பர் 31 வரை போனது. 2018-19-க்கு 2024 ஏப்ரல் 30, 2019-20-க்கு 2024 ஆகஸ்ட் 31. ஆறு வருடத்துக்கு முன் வாங்கிய துவரம்பருப்புக்கு பில் எங்கே என்று நோட்டீஸ் வந்தபோது எத்தனை பேர் திணறினார்கள் என்பதை நமது வட்டாரத்தில் பார்த்தோம். உள்ளீட்டு வரி எடுத்தவர்தான் அது சரியென்று நிரூபிக்கவேண்டும் என்று 155-ஆவது பிரிவு சொல்கிறது. 2023 மார்ச்சில் கர்நாடகத்தின் வாட் சட்டம் பற்றிய ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒருபடி மேலே போனது. இன்வாய்சும், காசோலையில் பணம் கொடுத்த சான்றும் மட்டும் போதாது, சரக்கு உண்மையில் வந்தது என்பதற்கு வண்டி விவரம், லாரி வாடகை கொடுத்த விவரம், சரக்கைப் பெற்றுக்கொண்ட ஒப்புகை ஆகியவையும் வேண்டும் என்றது. பழைய வாட் சட்டத்தின் தீர்ப்புதானே என்று தள்ளிவிட முடியாது. ஜி.எஸ்.டி. நோட்டீசுக்குப் பதில் எழுதும் ஆடிட்டர்களைக் கேட்டால் அதன் கனத்தைச் சொல்வார்கள். ஆகவே எடை மேடைச் சீட்டும் லாரி ரசீதும் இனிமேல் குப்பையல்ல.

அரசாங்க இணையதளத்திலேயே எல்லாம் இருக்கிறதே என்ற நினைப்பும் வேண்டாம். ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட ரிட்டர்ன் விவரங்களை இணையதளத்தில் பார்க்க முடியாது என்று 2024 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. நெட்வொர்க் அறிவித்தது. வணிகர்கள் எடுத்துச் சொன்ன பிறகு விவரங்கள் திரும்ப வைக்கப்பட்டன என்றாலும், அவரவர் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அவர்கள் சொன்ன புத்தி. அதோடு அங்கே இருப்பது ரிட்டர்ன்தான். நம் கடன் பாக்கியும் லாரி ரசீதும் அங்கே இல்லை.

வெள்ளத்தையும் சொல்லவேண்டும். 2015 டிசம்பரில் சென்னை கண்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை இன்னொரு முறை கண்டது. அடுத்த இரண்டு வாரத்தில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்கள் கண்டன. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் ஏறும்போது சர்க்கரை மூட்டையை மேலே ஏற்றுவதா, கம்ப்யூட்டரைத் தூக்குவதா என்று யோசிக்க நேரமிருக்காது. நாம் மூட்டையைத்தான் தூக்குவோம், அது நம் பழக்கம்.

இனி, என்ன செய்யலாம் என்பதற்கு வருவோம். நாங்கள் அடிபட்ட பிறகு வீட்டில் ஒரு பொதுப் பெட்டி வைத்திருக்கிறோம். புதிதாக வாங்கியதல்ல, பையன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய பழைய டெஸ்க்டாப். இப்படிப்பட்ட பெட்டிகள் இப்போது பல வீடுகளில் கிடக்கின்றன. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் தந்துவந்த வழக்கமான பாதுகாப்பு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போடத் தேவையில்லை. அதில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த ஓப்பன் மீடியா வால்ட் என்ற இலவச புரோகிராமைப் போட்டால், அது கோப்புகளைக் காத்துத் தரும் குடோன் ஆகிவிடுகிறது. ட்ரூநாஸ் என்று இன்னொன்று உண்டு. அது இன்னும் கெட்டிக்காரத்தனமானது, ஆனால் அதற்குக் குறைந்தது 8 ஜி.பி. மெமரி வேண்டும். எதைப் போட்டாலும் போடும் டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும். கல்யாண போட்டோக்களை முதலில் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இதைச் சொல்லாமல் விட்டு ஒரு நண்பர் வீட்டில் நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

புரோகிராமுக்கு ஒரு சிறிய எஸ்.எஸ்.டி. தனியாக வேண்டும். கணக்குக்கு ஒரே அளவுள்ள இரண்டு ஹார்டு டிஸ்க் வேண்டும். இந்த இரண்டையும் 'மிரர்' என்ற முறையில் இணைக்கிறோம். ஒரு கணக்கை எழுதினால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் பதிவாகும். ஒரே சொல்லைக் கேட்டு இரண்டு கணக்குப்பிள்ளைகள் இரண்டு பேரேட்டில் எழுதுவது போல. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் பேரேட்டை வைத்துக் கடையை ஓட்டலாம். பிறகு புதிய டிஸ்க்கைப் போட்டால் அது மற்றதைப் பார்த்துத் தானே எழுதிக்கொள்ளும். 2 டெராபைட் டிஸ்க் முழுவதையும் இப்படி எழுதி முடிக்க சுமார் நாலு மணி நேரம் ஆகும். இரண்டு 2 டெராபைட் டிஸ்க் போட்டால் நமக்குக் கிடைப்பது 2 டெராபைட்தான், நாலு அல்ல. இதை நஷ்டம் என்று நினைப்பவர் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தையும் நஷ்டம் என்றுதான் எழுதவேண்டும்.

இந்த யோசனைக்கு ரெய்டு என்று பெயர் வைத்தவர்கள் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்ற மூவர். 1988-ல் வெளியான அவர்களுடைய கட்டுரையில், 'விலை மலிவான டிஸ்க்குகளின் அணி' என்பதுதான் அந்தப் பெயரின் விரிவு. பிற்பாடு இதை விற்க வந்தவர்கள் 'மலிவான' என்ற சொல்லை எடுத்துவிட்டு 'தனித்தனியான' என்று மாற்றிக்கொண்டார்கள். ஏன் என்று வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

டிஸ்க் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனிக்கவேண்டும். இரண்டையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். ஒரே நாளில் ஒரே ஆலையில் தயாரானவை ஒரே காலத்தில் சோர்ந்துபோக வாய்ப்பு உண்டு. வேறு வேறு கம்பெனியாக இருந்தால் இன்னும் நல்லது. மற்றொன்று, சி.எம்.ஆர். என்ற வகையா என்று கேட்டு வாங்குங்கள். எஸ்.எம்.ஆர். என்ற வகையில் பதிவுத் தடங்கள் ஓட்டுக்கூரை ஓடுகள் போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி இருக்கும். இடம் மிச்சம்தான், ஆனால் முழுவதையும் திரும்ப எழுதும்போது மிகவும் திணறும். கேட்டால் கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். மாடல் எண்ணை வைத்துப் பார்த்துக்கொள்ள முடியும்.

எத்தனை பெரிய டிஸ்க்? இதில்தான் விற்பவர்கள் நம் தலையில் கட்டுகிறார்கள். ஒரு பில்லைப் படம் எடுத்தால் சுமார் 300 கிலோபைட். நாளைக்கு ஐம்பது பில், லாரி ரசீது, சீட்டு என்று வைத்தால் 15 மெகாபைட். வருடத்துக்கு முந்நூறு நாள் கடை திறந்தால் 4.5 ஜி.பி. எட்டு வருடத்துக்கு 36 ஜி.பி. கணக்குப் புரோகிராமின் தினசரி நகல்களையும் சேர்த்து, குடும்பப் படங்களையும் சேர்த்தாலும் 2 டெராபைட் தாராளம். நாலு டிஸ்க் போடும் பெட்டி, எட்டு டிஸ்க் போடும் பெட்டி என்று பட்டியல் கொண்டு வருபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் போதும்.

கடை கீழே, வீடு மேலே என்று இருப்பவர்களுக்குச் சுலபம். கடை ரூட்டரிலிருந்து ஒரு நெட்வொர்க் ஒயரை மேலே இழுத்தால் முடிந்தது. அந்த ஒயர் 100 மீட்டர் வரை தாங்கும். கணக்குப் புரோகிராமின் நேரடிக் கணக்கைக் கடைக் கம்ப்யூட்டரிலேயே ஓடவிடுங்கள். இரவு கடை மூடும்போது அந்தப் புரோகிராமில் உள்ள 'பேக்கப்' வழியாக எடுத்த நகல் மேலே போகட்டும். பில் படங்களை நேராகவே மேலே போடலாம். வீட்டில் உள்ளவர்கள், தம்பி கடை, ஆடிட்டரிடம் போகும் பையன் ஆகிய எல்லோரும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்டு. பார்க்க மட்டும் வேண்டியவருக்குப் பார்க்க மட்டும் உரிமை. கல்லாச் சாவியை எல்லோரிடமும் கொடுப்பதில்லை அல்லவா? கடை வேறு தெருவில், வீடு வேறு தெருவில் என்றால் சிறிய வெளி டிஸ்க்கில் இரவு எடுத்துப்போய் வீட்டுப் பெட்டியில் இறக்குங்கள். நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். சாப்பாட்டுக் கேரியரோடு அதுவும் பைக்குள் போகிறது.

ஏன் கடையில் வைக்காமல் வீட்டில்? மஞ்சள் தூளும் மாவும் மிளகாய் நெடியும் உள்ள இடத்தில் மனிதனுக்கே தும்மல் வருகிறது. கம்ப்யூட்டரின் விசிறி அந்தத் தூளை உள்ளே இழுத்துக்கொள்கிறது, சூடு ஏறுகிறது. எலி ஒயரைக் கடிக்கும் கதை மளிகைக் கடைக்காரருக்குச் சொல்லத் தெரியவேண்டியதில்லை. தவிர, கடைக்கு வந்த தீயும் திருட்டும் வெள்ளமும் அதே நாளில் வீட்டுக்கும் வருவது அபூர்வம். மூலக் கணக்கு, பதிவுச் சான்றிதழில் உள்ள வியாபார இடத்தில் இருக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே வீட்டில் இருப்பது நகலாகவே இருக்கட்டும். கீழே கடை மேலே வீடு என்பவர்கள் மட்டும் மூன்றாவது நகலில் கூடுதல் கவனம் வைக்கவேண்டும். அதற்கு வருகிறோம்.

மின்சாரச் செலவு பற்றிக் கேட்கிறார்கள். பழைய டெஸ்க்டாப் 50 வாட் இழுக்கிறது என்று வைத்தால், இரவு பகல் ஓடினால் மாதத்துக்கு 36 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். இது சிறிதல்ல. இரவு ஏழு மணி முதல் பதினொன்று வரை ஓடவிட்டால் மாதம் 6 யூனிட்தான். ஒரு சின்ன யு.பி.எஸ். மட்டும் கட்டாயம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் இரண்டு பேரேடும் பாதி வரியில் நின்றுவிடும்.

இனி மிக முக்கியமான எச்சரிக்கை. மிரர் போட்டுவிட்டோம், இனி கவலையில்லை என்று நினைப்பவர் எங்களைப் போலவே மாட்டிக்கொள்வார். இரண்டு கணக்குப்பிள்ளைகளும் முதலாளி சொன்னதையே எழுதுகிறார்கள். தப்பாகச் சொன்னால் இருவரும் தப்பாக எழுதுவார்கள். ஒரு கோப்பை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அதே நொடியில் அழியும். 2017 மே 12-ஆம் தேதி வானாகிரை என்ற வைரஸ் உலகம் முழுவதும் பரவிக் கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்டது நினைவிருக்கும். விண்டோஸின் பழைய கோப்புப் பகிர்வு முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. கடைக் கம்ப்யூட்டரில் அப்படி ஒன்று நுழைந்தால், அதிலிருந்து எழுத உரிமையுள்ள பொதுப் பெட்டியின் கோப்புகளையும் பூட்டிவிடும். மிரர் அதையும் விசுவாசமாக இரண்டு பிரதியாக எழுதி வைக்கும். மிரர் காப்பது டிஸ்க் சாவிலிருந்து மட்டுமே. கை தவறுக்கும் வைரஸுக்கும் அது மருந்தல்ல. இதைப் புரியவைக்காமல் 'ரெய்டு போட்டாச்சு, பேக்கப் தேவையில்லை' என்று சொல்லி விற்பவர்கள் நமக்குத் துரோகம் செய்கிறார்கள் என்றே நாம் கருதுகிறோம்.

அதனால் மூன்றாவது நகல் வேண்டும், அது ஒயரில் தொங்காத நகலாக இருக்கவேண்டும். நாங்கள் இரண்டு சிறிய வெளி டிஸ்க் வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் எடுத்து, மறுநாள் தங்கை வீட்டில் கொடுத்துவிட்டு, அங்கே இருக்கும் மற்றதை வாங்கி வருகிறோம். அவள் ஊர் இருபது கிலோமீட்டர். எங்கள் தெருவில் தண்ணீர் ஏறினாலும் அங்கே ஏறாது. டிஸ்க்கைப் பூட்டி எழுதும் வசதி உண்டு. வழியில் தொலைந்தால் வாடிக்கைக்காரர் கணக்கு யார் கையிலும் போகக்கூடாது என்பதால் அதையும் செய்திருக்கிறோம். கூகுள் போன்ற இடத்தில் வைக்கலாமே என்றால், வைக்கலாம். இலவசமாக அவர்கள் தருவது 15 ஜி.பி. அது மெயிலுக்கும் படத்துக்கும் சேர்த்து. கட்டணம் கட்டி வைத்தாலும் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கு எந்தப் பையனின் செல்போன் நம்பரில் திறந்திருக்கிறது என்பதை முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். வேலையை விட்டுப் போன பையனின் நம்பரில் கடைக் கணக்கு இருந்ததையும் பார்த்திருக்கிறோம். வீட்டுப் பெட்டியை வெளியூரிலிருந்து பார்க்க ஆசைப்பட்டு இணையத்துக்கு நேராகத் திறந்துவிடுவதும் வேண்டாம். ஷட்டரைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்கு அது சமம்.

பில்களைப் பற்றி ஒரு சொல். இன்று கம்பெனிகள் தரும் பில்லில் பாதி, சூட்டில் எழுத்து வரும் தெர்மல் காகிதம். ஆணியில் குத்தி வைத்தால் ஒரு கோடையில் வெளுத்துவிடுகிறது. எண்ணெய்க் கை பட்டால் அதற்கு முன்பே போய்விடுகிறது. வந்த அன்றே செல்போனில் படம் எடுத்துவிட வேண்டும். கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், மாதம், தேதி என்ற வரிசையில் எண்ணை முதலில் போட்டு, பிறகு விற்றவர் பெயரைப் போடுங்கள். தானாகவே தேதிவாரியாக அடுக்கி நிற்கும். 'படம் 1, படம் 2' என்று ஆயிரம் கோப்பு வைத்திருப்பது சாக்கில் போட்டுக் கட்டிவைத்ததற்குச் சமானம்.

சோதித்துப் பார்ப்பதற்குக் கேலண்டரில் தேதி தேடவேண்டாம். அமாவாசைதோறும் கடை வாசலில் பூசணிக்காய் உடைக்கிறோம். அன்று கற்பூரம் காட்டிய கையோடு, ஆறு மாதத்துக்கு முந்தைய ஏதாவது ஒரு பில்லையும், நேற்றைய கணக்கு நகலையும் வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்ப்பது என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், பெட்டியை அணைத்து இரண்டு டிஸ்க்கில் ஒன்றைக் கழற்றிவிட்டு மறுபடி போட்டுப் பார்க்கிறோம். ஓடுகிறது என்று கண்ணால் கண்ட பிறகுதான் சந்தனம், குங்குமம். முதல் தடவை கழற்றும்போது கை நடுங்கத்தான் செய்தது.

நமது சங்கத்துக்கும் இதில் வேலை இருக்கிறது. ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாக ஒரு ஆளைத் தேடி, ஆளுக்கொரு விலை கொடுத்து ஏமாறுவதற்குப் பதிலாக, மார்க்கெட்டுக்கு ஒரு இளைஞரைப் பழக்கிவைக்கலாம். நம் பிள்ளைகளிலேயே கம்ப்யூட்டர் படித்துவிட்டு வேலை தேடுபவர்கள் இருக்கிறார்கள். சங்கக் கட்டடத்தில் ஒரு பெட்டியை மாதிரியாக வைத்து, கூட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் டிஸ்க்கைக் கழற்றி மாட்டிக் காட்டினால், பத்து சுற்றறிக்கையைவிடப் பலன் தரும். சந்தாவை உயர்த்தாமல் இதைச் செய்ய முடியும் என்பது நமது அபிப்பிராயம். எதிர்க்கருத்து உள்ளவர்கள் எழுதட்டும்.

கடைசியாக, பலரும் மறக்கும் ஒன்று. இத்தனையும் செய்துவிட்டு பாஸ்வேர்டைத் தன் தலைக்குள் மட்டும் வைத்திருந்த ஒரு சக வியாபாரி மாரடைப்பில் திடீரென்று காலமானார். பெட்டி நன்றாகவே இருந்தது, டிஸ்க் இரண்டும் நன்றாகவே இருந்தன. அவர் மனைவியும் மகளும் காரியம் முடிந்த பதினாறாம் நாளிலிருந்து இரண்டு மாதம் அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து அவர் பிறந்த நாள், கல்யாண நாள், குலதெய்வத்தின் பெயர் என்று ஒவ்வொன்றாக அடித்துப் பார்த்தார்கள். எங்கள் வீட்டில் இப்போது இரும்புப் பெட்டிக்குள், நகைச் சீட்டுகளோடு, ஒரு தபால் கவர் இருக்கிறது. பெட்டியின் பெயர், பாஸ்வேர்டு, வெளி டிஸ்க்கின் பூட்டுச் சொல், தங்கை வீட்டு அலமாரியில் எந்தத் தட்டு, யாரைக் கூப்பிட்டால் வந்து பார்ப்பார் என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். ஆயுத பூஜை அன்று அதைப் பிரித்து, வீட்டுப் பெண்கள் தாங்களே ஒருமுறை திறந்து பார்த்து, வேறு கவரில் போட்டு மறுபடி ஒட்டிவைக்கிறார்கள்.